ஓக் என்றால் எந்த மரம்?

ஏற்காட்டிலிருந்து தலைச்சோலைப் பக்கம் போனால் காப்பிச் செடிகளுக்கு நிழல் தருவது சில்வர் ஓக். மிளகுக்கொடி ஏறுவதும் அதன்மேல்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பி பயிரிட வைத்தார். காப்பியைத் தொடர்ந்து எஸ்டேட், காப்பிப் பழத்தோல் நீக்கும் பல்ப்பர், சில்வர் ஓக் என்று சொற்களும் ஒவ்வொன்றாக மலையேறின. பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டிக்கும் அவை பழக்கம். அவற்றை யாரும் தமிழாக்கிப் புரிந்துகொள்வதில்லை. சொல் காதில் விழுந்ததும் மரம் கண்முன் நிற்கும்.

பள்ளி ஆங்கிலம் அப்படியல்ல. ‘ஆர்ச்சர்ட்’ என்றால் பழத்தோட்டம் என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்த பிள்ளை, அதைக் கேட்டதும் முதலில் தமிழ்ச் சொல்லுக்குப் போய், அங்கிருந்துதான் பொருளுக்கு வருகிறது. உளவியலாளர்கள் ஜூடித் க்ரோலும் எரிகா ஸ்டூவர்ட்டும் 1994-ல் விளக்கியது இந்தச் சுற்றுவழியைத்தான். பழகப் பழக நேர்வழி திறக்கும் என்றார்கள். கற்கத் தொடங்கும்போதே நேர்வழி உண்டு என்று பின்னால் மறுத்தவர்களும் இருக்கிறார்கள். சொல் பொருளோடு வந்ததா, புத்தகத்தோடு வந்ததா என்பதைப் பொறுத்தது என்பது என் கட்சி.

நேர்வழியிலும் வில்லங்கம் உண்டு. சில்வர் ஓக் உண்மையில் ஓக்கே அல்ல. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு இனம். ஆங்கிலக் கதையில் ‘ஓக்’ என்று வரும்போது இங்கிலாந்துப் பிள்ளை கிளை பரப்பிய பெருமரத்தைப் பார்க்கும். தலைச்சோலைப் பிள்ளையோ மிளகு படர்ந்த நெட்டை மரத்தைப் பார்க்கும். இருவருக்கும் பொருள் சட்டென்றுதான் வருகிறது, மரம்தான் வேறு.

கேட்பதிலும் வேறுபாடு இருக்கிறது. சொல் ஒலித்து முடியும்வரை மூளை காத்திருப்பதில்லை. ‘மார்’ என்றதுமே ஆங்கிலேயருக்கு மார்க்கெட், மார்பிள் என்று அதே ஒலியில் தொடங்கும் சொற்கள் எழுகின்றன. தமிழருக்கு அவற்றோடு மார்கழியும் எழக்கூடும். கழித்துத் தள்ள வேண்டியது அதிகம். தமிழில் பேசினால் அபராதம் என்கிற பள்ளிகள் வாயை மூடலாம், உள்ளே எழும் சொற்களை நிறுத்த முடியாது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். 1999-ல் வயோரிகா மரியன், மைக்கேல் ஸ்பைவி நடத்திய ஆய்வில், ஆங்கிலமும் அறிந்த ரஷ்யர்களிடம் அஞ்சல்தலையை நகர்த்தி வைக்கும்படி ரஷ்ய மொழியிலேயே சொன்னார்கள். அஞ்சல்தலைக்கு ரஷ்யச் சொல் ‘மார்கா’. பேச்சில் ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லை. இருந்தும் சில வேளைகளில் அவர்கள் கண் அருகில் கிடந்த மார்க்கர் பேனாவை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் அஞ்சல்தலைக்குப் போனது.