திருநீறும் பூசுங்கள், மாத்திரையும் போடுங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. விளக்கேற்றி சஷ்டி கவசம் சொல்லாமல் காபிகூடக் குடிக்க மாட்டேன். இரண்டு மாதமாகப் பூஜையறைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. பிள்ளைகள் வந்து பேசினால் எரிந்து விழுகிறேன். முருகன் என்னைக் கைவிட்டுவிட்டானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: முருகன் எங்கும் போகவில்லை அம்மா. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது தூக்கம்தான். விடியும் முன்பே விழித்துக்கொள்வது, பிடித்தது பிடிக்காமல் போவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருவது எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வு நோயாக இருக்குமோ என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. தைராய்டு கோளாறிலும் ரத்தசோகையிலும்கூட இப்படி ஆவதுண்டு. ஆகவே வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் போய், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். தேவையென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்.

'சாமி கும்பிடுகிறவளுக்கு இதெல்லாம் வரலாமா?' என்று யாராவது கேட்டால் கீதையின் முதல் அத்தியாயத்தை எடுத்துக் காட்டுங்கள். அதற்குப் பெயரே அர்ஜுன விஷாத யோகம். கை கால் தளர்கிறது, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, தோல் எரிகிறது, காண்டீவம் கையிலிருந்து நழுவுகிறது என்று அர்ஜுனன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். சாட்சாத் கண்ணனே தேரோட்டியாக எதிரில் இருக்கும்போதுதான் இத்தனையும்! யோக வாசிஷ்டத்தில் இராமனுக்கும் இதே கதி. தீர்த்த யாத்திரை முடித்து வந்தவன் சாப்பாடு பிடிக்காமல், எதிலும் ஒட்டாமல் இளைத்துப் போகிறான். சபையில் வசிஷ்டரும் விசுவாமித்திரரும் அவன் மனத்தில் இருப்பதையெல்லாம் முழுதாகப் பேசவிட்டுக் கேட்கிறார்கள். உபதேசம் அதற்குப் பிறகுதான்.

உடம்பு தேறும் வரை வீட்டில் வேறு யாராவது விளக்கேற்றட்டும். கவசம் சொல்ல முடியாத அன்று முருகா என்று ஒருமுறை சொன்னால் போதும். அதுவும் வரவில்லையென்றால் பாதகமில்லை.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. காதில் யாரோ திட்டுகிறார்கள் என்கிறான்; சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறான். மனச்சிதைவு என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். செய்வினை என்கிறார் ஜோசியர். மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு மண்டலம் குணசீலத்தில் தங்க வைக்கலாமா?
- ஒரு தந்தை, நாமக்கல்

பதில்: குணசீலத்துக்குத் தாராளமாகப் போங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். பாதியில் விட்டால் குரல்கள் முன்பைவிடப் பலமாகத் திரும்பி வரக்கூடும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் கையில் இருக்கட்டும்.

திருச்சி-சேலம் சாலையில் காவிரிக் கரையில் இருக்கும் பிரசன்ன வெங்கடாஜலபதியிடம் மனம் கலங்கியவர்களை அழைத்து வருவது பல தலைமுறை வழக்கம். 48 நாள் தங்குவார்கள். உச்சிக்கால பூஜையிலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். இதையெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் கோயிலை ஒட்டியே அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் நடப்பதும், மனநல மருத்துவர் வந்து பார்ப்பதும் பலருக்குத் தெரியாது. பெருமாளே மாத்திரைக்குத் தடை சொல்லவில்லை. நாம் ஏன் சொல்ல வேண்டும்?

இந்த இரண்டையும் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை அண்டித் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட வழியில்லாமல் 28 பேர் கருகினார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் உங்களைப் போல நம்பிக்கையோடு வந்த அப்பா அம்மாக்கள்தான். இன்று அதே ஏர்வாடியில் துவா எனும் பிரார்த்தனையும் நடக்கிறது, அரசு மருத்துவர்களின் சிகிச்சையும் நடக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. எந்தத் தலத்திலாவது 'கட்டிப் போட்டால்தான் குணமாகும்' என்று சொன்னால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள்.

கோயிலும் வைத்தியமும் நமக்குப் புதிய கூட்டு ஒன்றுமில்லை. காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, அதாவது 11-ஆம் நூற்றாண்டினது, கோயிலைச் சேர்ந்த ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. 15 படுக்கைகள், நோய் பார்க்க ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளியைக் கவனிக்கப் பெண்கள் என்று ஆள் ஆளாகக் கணக்கு எழுதி, ஊதியத்தையும் குறித்து வைத்திருக்கிறார்கள். பெருமாளுக்குச் செய்த ஏற்பாட்டோடு சேர்த்தே இதையும் கல்லில் பொறித்தவர்கள், வைத்தியம் பார்ப்பதை அவநம்பிக்கையாக நினைத்திருப்பார்களா?

செய்வினை எடுக்க ஜோசியர் கேட்கும் பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம்.

கேள்வி: சந்திரன் மனோகாரகன் என்கிறார்கள். சந்திராஷ்டமம் வந்தாலே மனசு சரியில்லை. சந்திரன் தலமான திங்களூர் போய் வந்தால் சரியாகுமா?
- வாசகர், மதுரை

பதில்: சந்திராஷ்டமம் மாதத்துக்கு இரண்டேகால் நாள். அது முடிந்ததும் மனசு தெளிந்துவிட்டால் கவலையில்லை. அந்த நாட்களில் முக்கியமான பேச்சு வார்த்தைகளைத் தள்ளிப்போட்டுவிட்டு நேரத்தோடு தூங்குங்கள். மாதம் முழுக்கச் சரியில்லை என்றால் பாவம், சந்திரன் மேல் பழி போடாதீர்கள். அப்போது டாக்டரைப் பாருங்கள்.

திங்களூர் அவசியம் போங்கள். அப்பூதியடிகள் வாழ்ந்த ஊர் அது. நேரில் பார்த்தறியாத திருநாவுக்கரசர் பெயரில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அவர். சந்திரனுக்கு அர்ச்சனை செய்த கையோடு அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். தன் கவலையிலேயே சுற்றிச் சுற்றி வரும் மனசுக்கு, இன்னொருவர் தாகத்தைக் கவனிப்பது நல்ல பரிகாரம்.

கேள்வி: என் தோழி அடிக்கடி, 'போய்ச் சேர்ந்தால் நிம்மதி' என்கிறாள். சுந்தர காண்டம் பாராயணம் செய்யச் சொன்னேன். சரிதானே?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சுந்தர காண்டத்தை முதலில் நீங்கள் படியுங்கள். அதில் உங்களுக்குத்தான் வேலை இருக்கிறது.

இலங்கை முழுக்கத் தேடியும் சீதை கிடைக்காதபோது அனுமனுக்கே, இனி உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது. பிறகு, உயிரோடு இருந்தால்தானே நல்லதைப் பார்க்க முடியும் என்று தானே தேற்றிக்கொண்டு அசோகவனத்துக்குள் போகிறார். அங்கே சீதையும் அதே முடிவின் விளிம்பில் இருக்கிறாள். நாம் வீட்டில் கஷ்டம் தீரப் படிக்கிற காண்டத்தில், சிரஞ்சீவிக்கும் மகாலட்சுமிக்கும் இந்த எண்ணம் வந்தது என்று வால்மீகி மறைக்காமல் எழுதியிருக்கிறார். உங்கள் தோழிக்கு வந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து அனுமன் செய்ததைப் பாருங்கள். மரத்திலிருந்து குதித்து எதிரில் நிற்கவில்லை. 'எப்படிப் பேசினால் இவள் பயப்பட மாட்டாள், எந்த மொழியில் பேசினால் என்னை இராவணன் என்று நினைக்க மாட்டாள்' என்று கிளையில் உட்கார்ந்து யோசிக்கிறார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி, மெதுவாக இராமன் கதையைச் சொல்கிறார். புத்திமதி எதுவும் இல்லை. அவள் பேசியதைக் கேட்டு, அடையாளம் வாங்கிக்கொண்டு, இராமனிடம் போய்ச் சொல்கிறார். கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை.

நீங்களும் தோழியைத் தனியாகச் சந்தியுங்கள். 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?' என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பலருக்குப் பாரம் இறங்கும். 'உனக்கென்ன குறைச்சல்' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். ஆமாம் என்றால் அவளைத் தனியே விடாமல், நம்பகமான குடும்பத்தார் ஒருவரிடம் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. தமிழக அரசின் 104-லும் ஆலோசனை கிடைக்கும். யாரிடமும் சொல்லாதே என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாலும் இந்த விஷயத்தில் அது உங்களைக் கட்டாது.

கேள்வி: தியானத்தில் கண்ணை மூடினால் படபடப்பு அதிகமாகிறது. எனக்குப் பக்குவம் போதவில்லையா?
- வாசகர், கோவை

பதில்: பக்குவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பதற்றம் உள்ளவர்கள் சிலருக்கு அப்படித்தான் இருக்கும். கண்ணைத் திறந்துகொண்டு பிரகாரம் சுற்றுங்கள். அப்பர் என்ற திருநாவுக்கரசர் கையில் இருந்தது, புல் செதுக்கும் உழவாரப்படை. புல் செதுக்குவதும் வழிபாடுதான். உங்கள் ஊர் உழவாரப் பணிக் குழுவில் சேர்ந்து பாருங்கள். படபடப்பு அப்படியும் அடங்கவில்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: நான் கிராமத்துச் சிவன் கோயில் குருக்கள். மனக்கஷ்டத்தோடு வருபவர்கள் என்னிடம் அழுகிறார்கள். என்ன சொல்வதென்று தெரிவதில்லை.
- ஓர் அர்ச்சகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: டாக்டரிடம் போகக் கூச்சப்படுகிறவர்கள் உங்களிடம் கூச்சப்படாமல் வருகிறார்கள். பெயர் நட்சத்திரம் கேட்டுச் சங்கல்பம் செய்யும்போது, 'தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா?' என்றும் கேளுங்கள். அர்ச்சனை முடிந்து திருநீறு கொடுக்கையில், 'ஆஸ்பத்திரிக்கும் போய் வா, சுவாமி கூட வருவார்' என்று சொல்லுங்கள். வீட்டார் பத்துப் பேர் சொல்லிக் கேட்காதவர் நீங்கள் சொன்னால் கேட்பார். பிரதோஷ நேரம் எழுதிப் போடும் பலகையில் கீழே இடமிருந்தால் 14416 என்றும் எழுதி வையுங்கள்.