‘கூலா பேசுங்க தோழர்’

கூட்டங்களில் நம்மைப் பார்த்து அடிக்கடி சொல்லப்படுவது இது. சொல்றவருக்கு ஒன்னும் போகல. குடிசை எரிஞ்சவன்தான் கூலா பேசணும். இந்தச் சொல் யாருடையது என்று கொஞ்சம் தேடிப் பார்த்தேன்.

‘கூல்’ பழைய ஆங்கிலச் சொல். லேசான குளிர்ச்சி என்பது அதன் முதல் அர்த்தம். பதறாத மனசையும் நெடுங்காலமாகவே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இன்று உலகமே உச்சரிக்கிற ‘கூல்’, 1930, 40களில் அமெரிக்கக் கறுப்பு ஜாஸ் கலைஞர்களின் பேச்சு வழியாக வந்தது. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் பெயரை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். ராபர்ட் ஃபாரிஸ் தாம்ஸன் என்கிற கலை வரலாற்றாளர் 1973இல் எழுதிய கட்டுரையில் இன்னும் பின்னால் போகிறார். மேற்கு ஆப்பிரிக்க யொரூபா மக்களிடம் மனக்குளிர்ச்சி அழகாகவும் அறமாகவும் மதிக்கப்பட்டதைக் காட்டுகிறார்.

ஆனால் அமெரிக்காவில் அந்த நிதானத்துக்கு வேறொரு தேவையும் சேர்ந்துகொண்டது. 1955இல் மிஸிசிப்பியில் எம்மெட் டில் என்கிற 14 வயசுப் பையனைக் கொன்னாங்க. கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் மரியாதை தவறினானாம். அப்படிப்பட்ட ஊரில் முகத்தில் எதையும் காட்டாமல் நிற்பதைக் குணம் என்றா சொல்வது? உசுரக் காப்பாத்திக்கிற வழி அது. இதற்கு 5 வருஷம் கழித்து நாஷ்வில் மாணவர்கள் வேறு மாதிரி செய்தார்கள். ஜேம்ஸ் லாஸன் நடத்திய பயிற்சியில் ஒருத்தர் திட்ட, தள்ள, இன்னொருத்தர் அசையாமல் இருந்து பழகினார்கள். பிறகு வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உணவு மேசைகளில் போய் உட்கார்ந்தார்கள். அந்த நிதானம் அவர்களே கூடிப் பேசி எடுத்த முடிவு.

தமிழில் ‘அடக்கம்’ என்கிறோம். நல்ல குணத்துக்கும் அதுதான், பிணத்தைப் புதைப்பதற்கும் அதுதான். நானாக அடங்கினேனா, அடக்கப்பட்டேனா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டபோது கோபத்தைத்தான் முன்வைத்தார்கள். அவர்கள் அடக்கமாகப் பேசியிருந்தால் யார் காது கொடுத்திருப்பார்கள்?

லெஸ்டர் யங் கதையும் இருக்கிறது. 1944இல் அவரை ராணுவத்துக்கு இழுத்தார்கள். போதைப்பொருள் வைத்திருந்ததாக 1945இல் தண்டனை கொடுத்து, மாதக்கணக்கில் தடுப்புக் கொட்டடியில் அடைத்தார்கள். வெளியே வந்த அந்த வருஷமே ‘டி.பி. ப்ளூஸ்’ என்று ஒன்றைப் பதிவு செய்தார். டி.பி. என்றால் அந்தக் கொட்டடிதான். வாசிப்பில் அழுகை கிடையாது, பதற்றமும் கிடையாது. தலைப்பில் மட்டும் யார் அடைத்தார்கள் என்பது அப்படியே நிற்கிறது.