தீயும் உழைச்செல்வானும்

மருந்து என்பது யாது? வேரும் தழையுமா? குப்பியில் அடைத்த நீர்மமா? திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து பணிபுரியும் உழைச்செல்வானையும் ஒரு கூறாகவே வைத்தார். இந்த நான்காம் கூறின் பெருமையைத் தீயின் வரலாறு நமக்கு நன்கு உணர்த்துகிறது.

1981 பிப்ரவரி 7 அன்று இதே பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியது. தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் குழந்தைகள். ஈஜிபுராவின் மூத்தோர் அந்நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் 94 பிள்ளைகளைத் தீ கொண்டது. இத்தகைய துயரத்திலிருந்து மருத்துவம் ஏதேனும் கற்குமாயின், அத்துயரால் பயன் விளைந்தது என்று கூறலாமா?

இவ்வினாவுக்கு விடை தேட அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குச் செல்லவேண்டும். 1942 நவம்பர் 28 அன்று அங்குக் கோகோநட் குரோவ் என்னும் கேளிக்கை விடுதி எரிந்தது; 492 பேர் இறந்தனர். அக்காலத்தில் புண்ணின்மேல் டானிக் அமிலம் பூசித் தோலை இறுகச் செய்வதே பெருவழக்கு. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆலிவர் கோப் முதலியோர் அவ்வழக்கைக் கைவிட்டனர். வாசலின் போன்ற களிம்பிட்ட மெல்லிய துணியால் புண்ணை மூடி, வெந்த உடல் இழக்கும் நீரைப் பிளாஸ்மா கொண்டு ஈடுசெய்தனர். வெந்த பரப்புக்கேற்ப நீர்மத்தை அளவிடும் முறையைக் கோப்பும் பிரான்சிஸ் மூரும் 1947இல் வகுத்து வெளியிட்டனர். உற்றாரை இழந்தோரின் துயரை எரிக் லிண்டமன் ஆராய்ந்து 1944இல் எழுதினார்.

நூல்களில் இப்பெயர்கள் நிற்கின்றன. ஆனால் துணியை மாற்றியவர் யார்? கிருமி அணுகாது காத்தவர் யார்? உள்ளே செலுத்திய நீர் போதுமா என்பதை இன்றும் சிறுநீரின் அளவே காட்டுகிறது. வளர்ந்தவர்க்கு மணிக்கு 30 முதல் 50 மில்லிலிட்டர் வேண்டும். அதை நள்ளிரவிலும் விழித்திருந்து அளந்து எழுதுவது செவிலியரின் கை. அக்கை சோர்ந்தால் எந்தக் கணக்குமுறையும் பயன்படாது.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் அறிந்தேன் அல்லேன். சில ஆண்டுகளுக்கு முன் என் அன்னையின் சேலையில் அடுப்புத் தீ பற்றியது. பதற்றத்தில் நாங்கள் மாவைப் பூசினோம்; இருபது நிமிடம் குழாய் நீரில் காட்டியிருக்க வேண்டும் என்பதைப் பின்னரே அறிந்தோம். மருத்துவமனையில் மூன்றாம் இரவு செவிலியர் ஒருவர் அளவுக் குறிப்பைப் பார்த்து முகம் மாறினார். உடனே மருத்துவரை அழைத்தார். சொட்டு நீர் கூட்டப்பட்டது. அன்னை பிழைத்தார். பதிவேடு எழுதியே பிழைக்கும் எழுத்தனாகிய எனக்கு, ஓர் எண் உயிர்காக்கவும் கூடும் என்று அன்றுதான் விளங்கியது. அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குறை இன்னும் உள்ளத்தை உறுத்துகிறது.

எனவே என் விடை இது. தீ எதனையும் கற்பிப்பதில்லை. அது எரிக்கவே அறியும். கற்பித்தது, வெந்தவர் அருகில் விழித்திருந்த கண். மாண்டவர் எவரும் நம் அறிவுக்காக உயிரீய இசைந்தவர் அல்லர். அவர் துயரைப் 'பயன்' என்பது கடனை வரவாக எழுதும் பிழையாகும். எழுத்தர் இதைச் செய்தால் தண்டனை உண்டு. சமுதாயம் செய்தால் கேட்பாரில்லை.

கடன் என்றால் தீர்க்கும் வழியும் உண்டன்றோ? பாஸ்டனில் வாயிலின் சுழல்கதவு அடைபட்டு மாந்தர் மடிந்தனர். அதன்பின் அத்தகைய கதவின் அருகே வெளிப்புறம் திறக்கும் கதவுகள் கட்டாயமாயின. கும்பகோணத்துக்குப் பின் தமிழகப் பள்ளிகளின் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. கதவைத் திறந்து வைப்போம்; நீரை அருகில் வைப்போம்; உழைச்செல்வாரின் பெயரைக் கேட்டு அறிவோம். இவையே நாம் செலுத்தத்தக்க தவணைகள்.