பரிசுக்காகக் கற்கலாமா?

கல்வியை இனிமையாக்கிக் கொடுக்க வேண்டும் என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. பிரம்பைக் காட்டி எழுத்தறிவித்த காலம் மலையேறிவிட்டது; அது மலையேறியது நன்றே. அந்த இடத்தில் இன்று வீட்டுக்கு வீடு வந்து அமர்ந்திருப்பவை கைப்பேசியில் ஓடும் கல்வி விளையாட்டுகள். 'அ'வைத் தொட்டால் அணில் ஓடுகிறது. மூன்றும் இரண்டும் ஐந்து என்று தொட்டால் விண்மீன்கள் சொரிகின்றன, கைதட்டல் ஒலிக்கிறது. நான்கு வயதுக் குழந்தை அழாமல், அடம் பிடிக்காமல் அமர்ந்து 'படிக்கிறது'. பெற்றோர் மகிழ்கின்றனர். அந்த மகிழ்ச்சியைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு வினா எழுகிறது. கற்பதற்குக் கூலி கொடுத்துப் பழக்கலாமா? கூலி நின்றால் கற்பதும் நின்றுவிடாதா?

வினாவை எழுப்புமுன், இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை நடுநிலையோடு பார்க்க வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு முறையில் உழைப்போர் நம்முள் பலர். தாயும் வேலைக்குச் செல்லும் வீடுகள் பெருகிவிட்டன. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் பிள்ளைகள் ஓடியாடத் திண்ணையுமில்லை, தெருவுமில்லை. இதற்கிடையில் 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழகத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் மீண்டும் வகுப்பறைக்குள் நுழைந்தது 2021 நவம்பரில்தான். ஏறத்தாழ இருபது மாதங்கள் கைப்பேசியே பள்ளியாயிற்று. ஆகவே, உலை கொதிக்கும் அரைமணி நேரத்துக்குப் பிள்ளையின் கையில் அந்தக் கருவியைக் கொடுக்கும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது.

விளையாட்டைப் பகையாகக் கருதுவதும் நம் முன்னோர் வழியன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் தம் 'இஹ்யா உலூமித்தீன்' பெருநூலில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்கள். ஓதிவிட்டு வரும் சிறுவனுக்குக் களைப்புத் தீர நல்ல விளையாட்டை அனுமதிக்க வேண்டும். அதைத் தடுத்து ஓயாது பாடத்திலேயே அழுத்தினால் அவன் உள்ளம் மடிந்துபோகும், அறிவு மழுங்கும், பாடத்திலிருந்து தப்பத் தந்திரம் தேடுவான் என்பது அவர்களின் எச்சரிக்கை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். இமாம் கூறும் விளையாட்டு, பாடத்திலிருந்து கிடைக்கும் ஓய்வு. கைப்பேசி விளையாட்டிலோ அந்த ஓய்வுக்குள்ளும் பாடம் நுழைந்துவிட்டது. பிள்ளை முழுமையாகக் கற்கவுமில்லை, முழுமையாக விளையாடவுமில்லை.

பரிசைப் பற்றியும் அதே நூலில் வழிகாட்டல் உண்டு. நற்செயல் புரியும் பிள்ளையைப் பாராட்டி, அவன் மகிழும்படி ஏதேனும் அளிக்க வேண்டும் என்கிறார்கள் இமாமவர்கள். அதோடு நிற்கவில்லை. சிறுவனை முதலில் பந்தும் மட்டையும் காட்டிப் பள்ளிக்கு ஈர்க்கிறோம். பிறகு நல்லாடையைக் காட்டுகிறோம். பிறகு தலைமையையும் புகழையும். இறுதியில் மறுமையை நாடச் செய்கிறோம் என்று படிப்படியாக விளக்குகிறார்கள். பரிசு தவறன்று; அது ஏணியின் முதற்படி. படியிலேயே குடியிருப்பதுதான் தவறு.

இது வெறும் ஏட்டுக் கருத்தன்று என்பதற்கு நம் காலத்து ஆய்வும் சான்று பகர்கிறது. 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டனர். வண்ணப் பேனாவால் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசுப் பத்திரம் கிடைக்கும் என்று முன்கூட்டியே கூறி, அவ்வாறே வழங்கினர். சில நாள்களுக்குப் பின் பரிசு ஏதுமின்றிப் பேனாக்களை வைத்தபோது, அந்தக் குழந்தைகள் பரிசையே அறியாத குழந்தைகள் வரைந்த நேரத்தில் பாதியளவே வரைந்தனர். விருப்பமாக இருந்தது வேலையாகிவிட்டது!

நம் சென்னையோடு தொடர்புடைய மற்றொரு சான்றும் உண்டு. 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், ரோம் நகரில் தாம் நடத்திய பள்ளியில் குழந்தைகள் பதக்கங்களைப் பொருட்படுத்தாமல் தம் பணியிலேயே ஆழ்ந்திருந்ததைக் கண்டு வியந்தவர். அவருடைய கருவி ஒன்றில் பத்து மர உருளைகளும் அவற்றுக்குரிய பத்துக் குழிகளும் இருக்கும். ஓர் உருளையை மாற்றிப் பொருத்தினால் கடைசியில் ஒன்று குழிக்குள் சேராது நிற்கும். பிள்ளை தானே தவற்றைக் கண்டு, தானே திருத்தும். உருளை பொருந்துவதே அங்கே பரிசு. நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியும் அப்படித்தான். எண்ணத் தெரியாதவர் காயை இழப்பார். எண்ணத் தெரிந்தவர் அள்ளுவார். அந்த எண்ணிக்கைக்கு யாரும் தனியே கைதட்டவில்லை.

எங்கள் ஓதப்பள்ளிக்கு வந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டிலேயே கைப்பேசி வழியாக அரபு எழுத்துகளைக் கற்றிருந்தான். பலகையில் 'ஜீம்' எழுத்தைக் காட்டினேன். பிழையின்றிச் சொன்னான். சொல்லிவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த எழுத்துக்குப் போகலாமா என்றதற்கு, "ஹஜ்ரத், இப்ப ஒண்ணும் வரலியே?" என்று கேட்டான். அவன் அறிவில் குறையில்லை. அறிந்தது அவனுக்குப் போதவில்லை, அவ்வளவே.

இதில் கருவியை மட்டும் நோவானேன்? "முதல் மதிப்பெண் வாங்கினால் சைக்கிள்" என்று பேரம் பேசுவோர் நாமல்லவா? நாம் தொடங்கிய பேரத்தைக் கருவி விரைவுபடுத்தியிருக்கிறது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. இக்கட்டுரையின் சாரமும் அதுவே. நல்ல உஸ்தாது, மாணவர் ஒருநாள் தம்மை விட்டுச் செல்ல வேண்டும் என்றே உழைக்கிறார். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் சுட்டு விரலை எடுத்துவிடுகிறார்; ஓதத் தெரிந்ததும் உடன் ஓதுவதை நிறுத்துகிறார். ஏணியின் படிகளை ஒவ்வொன்றாக அகற்றும் பொறுப்பு அவருடையது. விளையாட்டுச் செயலிகள் பலவும் நாளையும் பிள்ளை திரும்பி வர வேண்டும் என்ற நோக்கில் ஆக்கப்பட்டவை. ஒருநாள் விட்டால் நினைவூட்டும். தொடர்ந்து வந்தால் புதுப் பரிசு கொடுக்கும். பிள்ளை தன்னை விட்டு வளர்ந்து செல்வதில் அதற்கு என்ன ஆதாயம்?

எல்லாச் செயலிகளையும் ஒரே தராசில் நிறுப்பதும் சரியன்று. 2019இல் கூகுள் நிறுவனம் இந்தியாவில் 'போலோ' என்ற பெயரில் வெளியிட்டு, பின்னர் 'ரீட் அலாங்' எனப் பெயர் மாற்றிய செயலி, பிள்ளை வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுத் திருத்தியது. தமிழும் அதில் இடம்பெற்றது. வீட்டில் படிக்கத் தெரிந்தோர் இல்லாத பிள்ளைக்கு அது பேருதவியே. ஆனால் அதுவும் விண்மீன் கொடுத்தது. விண்மீனுக்குப் பின் என்ன என்பதை வீட்டாரே சொல்ல வேண்டியிருந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் ஒரு சிறு நிகழ்ச்சி. அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் ஒரு சிட்டுக்குருவியோடு விளையாடி வந்தார். அது இறந்துவிட்டது. பிள்ளை வாடியிருந்தது. அண்ணலார் அப்பிள்ளையிடம் பறவைக்கு என்னவாயிற்று என்று கனிவோடு வினவினார்கள். பரிசு கொடுக்கவில்லை, பாடம் நடத்தவில்லை, பிள்ளையின் உலகுக்குள் ஒருகணம் நுழைந்தார்கள். திரையில் இறந்த பறவை மறுபடி தொட்டால் உயிர்க்கும். அதன் பிரிவைக் கேட்டறிய ஒருவரும் வேண்டியதில்லை.

ஆகவே, செய்ய வேண்டியது அரிதன்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரை நாளொன்றுக்கு ஒருமணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அறவே வேண்டாம் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அந்த வரம்பைப் பேணுவோம். அந்த ஒருமணி நேரத்திலும் பத்து நிமிடமேனும் பிள்ளையின் அருகில் அமர்வோம். "எத்தனை விண்மீன் வாங்கினாய்?" என்று கேட்பதை விட்டு, "இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்போம். திரையில் எண்ணிய மாம்பழங்களை அடுப்படி வெங்காயத்தில் எண்ணச் செய்வோம். அங்கே கைதட்டல் இராது. எண்ணி முடித்த பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும். நம் கண்கள் அப்போது கைப்பேசியில் பதிந்திராவிட்டால் போதும்.