பழைய சாவி

ஐந்தருவியில் குளிப்பவர்களைக் காட்டிலும், அவர்களுடைய துணிமணிகளைக் காத்துக்கொண்டு கரையில் நிற்பவர்களுக்கே உலக ஞானம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். சென்ற சாரலில் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. எனக்குச் சளி; நண்பருக்கோ அவசரம். தண்ணீர் கொஞ்சம் பெருகினாலும் போலீஸார் விசில் ஊதித் தடை போட்டுவிடுவார்கள். சட்டை, வேட்டி, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் என்னிடம் ஒப்படைத்தவர், கடைசியில் கைப்பேசியையும் கொடுத்தார்.

"மக கூப்பிடுவா. பேத்திக்குக் காலேஜ் பீஸ் கட்ட இன்னைக்குத்தான் கடைசி நாள். நான் வர நேரமாச்சுன்னா நீரே பணத்தை அனுப்பிரும்வே" என்றார். பாங்குக் கணக்கின் கடவுச்சொல்லையும் சொன்னார். அருவி இரைச்சலில் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவை தொண்டை கிழியக் கத்தினார். எண்ணெய் தேய்க்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

காலஞ்சென்ற அவர் மனைவியின் பெயர். அதன் வாலில் ஏழு என்ற எண். பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த அம்மாள் இருந்த நாளில் அவர் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதே கிடையாது. "ஏளா" என்பதோடு சரி.

ஏழு எங்கிருந்து வந்தது? சில மாதங்களுக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றும்படி அவருடைய பாங்கு கேட்கிறது. பழையதையே போட்டால், முன்பே உபயோகித்தது என்று தள்ளிவிடுகிறது. மனிதர் பெயரை விடவில்லை; எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்.

யந்திரம் இதில் ஏமாந்த விதம் வேடிக்கையானது. ஒழுங்கான கணினி நம் சொல்லை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. எள்ளைச் செக்கிலிட்டு எண்ணெயை மட்டும் வைத்துக்கொள்வது போல, சொல்லைக் கணக்கில் ஆட்டி எடுத்த சாற்றை மட்டும் வைத்திருக்கும். அதே சொல் திரும்பி வந்தால் அதே சாறு வரும்; கண்டுபிடித்துவிடும். ஆனால் ஆறு என்பது ஏழானால் சாறு முழுவதும் வேறாகிவிடுகிறது. மாறுவேஷம் பலித்துவிடுகிறது. யந்திரத்திடம் பலிக்கும், திருடனிடம் பலிக்குமா? ஆறு தெரிந்தவனுக்கு ஏழு தெரிய எத்தனை நாழிகை ஆகும்?

ஒன்றும் களவு போகாத வீட்டுக்காரனைப் பூட்டை மாற்று, மாற்று என்று விரட்டினால், அவன் கீழ்ப்படிவதுபோல் நடிக்கத்தான் கற்றுக்கொள்வான். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்துக்காக இத்தகைய யோசனைகளை எழுதிக் கொடுத்த பில் பர், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-இல் சொன்னார். அதே ஆண்டில் அந்த நிறுவனமும் விதியைத் திருத்தியது: காரணமின்றித் தவணை வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம், களவு போனதற்கு அடையாளம் இருந்தால் கட்டாயம் மாற்றச் சொல்ல வேண்டும்.

ஆகவே நண்பர் கட்சிதான் நான். ஆனால் அவர் கத்தினாரே! அந்த நிமிஷமே சாவி நாலு பேர் கைக்குப் போய்விட்டது. என் கைக்கும்தான். நாளைக்கு அவர் கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால் அவர் என்னைச் சந்தேகிக்க வேண்டும். அல்லது சந்தேகிக்காமல் இருக்கப் பிரயாசைப்பட வேண்டும். இரண்டில் எது எங்கள் நாற்பது வருஷ சிநேகத்துக்கு அதிகச் சேதம் என்று எனக்குத் தெரியவில்லை. கேளாத ரகசியத்தை ஒருவன் தலையில் ஏற்றுவதும் ஒருவகை அநியாயமே.

தலை துவட்ட வந்தவரிடம், "வேறெதுக்கும் இதே பேரா?" என்று விசாரித்தேன்.

"ரயில் டிக்கெட்டு, கரண்ட் பில்லு, எல்லாத்துக்கும் அவதான்."

ஓரிடத்தில் களவுபோன பட்டியலைக் கொண்டுபோய் ஆயிரம் கதவுகளில் போட்டுப் பார்ப்பது இன்றைய திருடர்களின் தொழில்முறை. அதைச் சொன்னேன். சத்தம் போட்டதால் பாங்குச் சொல்லை இப்போதே மாற்ற வேண்டும், எட்டு போட்டால் போதாது, இனி அதற்குத் திரும்பவும் கூடாது என்றும் சொன்னேன். நாக்குக் கூசிற்று.

ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார். "அப்ப அவ பேரை எடுத்துறணும்ங்கீரு."

நான் பதில் சொல்லவில்லை. மகளின் அழைப்பு அதுவரை வரவில்லை. கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, துண்டால் கைப்பேசியை மறைத்துக்கொண்டு வெகுநேரம் என்னவோ தட்டிக்கொண்டிருந்தார்.