படிக்க ஆளில்லாத நாடாக்கள்

விஞ்ஞான உண்மையைப் பற்றி நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு: அது பொதுச்சொத்து, கேட்டவனுக்குக் காட்டப்படும். கவிஞன் தன் அனுபவத்தை 'வந்து பார்' என்று திறந்து வைக்க முடியாது, விஞ்ஞானியால் முடியும். விமர்சனத்தை விஞ்ஞானமாக்கப் புறப்பட்டவர்களும் அதைப் பரிகசித்தவர்களும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தகராறில்லாமல் இருந்திருக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை. உள்ளே போனவன் கையில் என்ன கிடைக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஹாம்பர்க் நகரிலுள்ள டெஸி ஆராய்ச்சி நிலையத்தில், பெட்ரா என்ற 2.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்துக்குள் எலெக்ட்ரான்களையும் பாஸிட்ரான்களையும் எதிரெதிராக ஓடவிட்டு மோதவைத்தார்கள். அம்மோதல்களை 1979 முதல் 1986 வரை பதிவுசெய்த குழுக்களில் ஒன்று ஜேட். ஜப்பான், ஜெர்மனி (அவர்கள் மொழியில் டாய்ச்லாண்ட்), இங்கிலாந்து ஆகிய பெயர்களிலிருந்து அமைந்த பெயர். அணுக்கருவுக்குள் குவார்க்குகளைக் கட்டிவைக்கும் க்ளுவானுக்கு 1979-இல் சான்று கிடைத்தது இந்த வளையத்தில்தான். ஜேடுக்கும் அதில் பங்குண்டு. பிறகு கருவி நிறுத்தப்பட்டது. ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள். மோதல்கள் காந்த நாடாக்களில் தங்கின.

இதோடு முடிந்திருக்க வேண்டிய கதை முடியவில்லை. 1973-இலேயே க்ராஸ், வில்செக், பொலிட்சர் மூவரும் ஒரு வினோதத்தைச் சொல்லியிருந்தார்கள்: மோதலின் ஆற்றல் கூடக் கூட, குவார்க்குகளைப் பிணைக்கும் விசை தளர்கிறது. (2004-இல் இதற்கு நோபல் பரிசு வந்தது.) தளர்கிறதா என்று பார்க்க, ஆற்றலில் வெகுதூரம் தள்ளியிருக்கும் இரு முனைகளில் அளந்தாக வேண்டும். 1989-இல் ஜெனீவாவில் ஸெர்ன் தொடங்கிய பெரிய வளையம் மேல்முனையைத் தந்தது. கீழ்முனை? அந்த ஆற்றலில் எலெக்ட்ரானையும் பாஸிட்ரானையும் மறுபடி மோதவைக்க யாரும் வளையம் கட்டவில்லை. அதற்குள் கோட்பாட்டுக் கணிதமும் முன்னேறிவிட்டது. எண்பதுகளில் கேட்கவே முடியாதிருந்த கேள்விகள் கைக்கு வந்துவிட்டன. ஸீக்ஃப்ரீட் பெத்கே முதலானவர்கள் தொண்ணூறுகளின் இறுதியில் ஜேடின் நாடாக்களைத் தேடிப் போனது இதற்காகத்தான்.

நாடாக்களை மீட்டது பாதி வேலைகூட இல்லை. அவற்றைப் படிக்கும் நிரல்கள் ஃபார்ட்ரானிலும், அதன் அன்றைய கிளைமொழிகளிலும், ஒரு குறிப்பிட்ட ஐ.பி.எம். பெருங்கணினிக்கே உரிய அஸெம்ப்ளர் மொழியிலும் எழுதப்பட்டிருந்தன. அந்தக் கணினிகளுக்கு வயதாகிவிட்டது. கற்றைகள் எவ்வளவு செறிவாக மோதின என்ற கணக்கு கணினியில் எங்குமே இல்லை. அது இல்லாமல் மோதல்களை எண்ணலாமே தவிர, எண்ணியதற்கு அர்த்தம் சொல்ல முடியாது. கடைசியில் அது காகிதத்தில் அச்சிட்ட எண்பட்டியலாகக் கிடைத்தது. காரியதரிசி ஒருவர் உட்கார்ந்து அதை எண் எண்ணாகத் திரும்பத் தட்டச்சு செய்தார்.

இந்த இடத்தில் எனக்கு ஏடுகள் ஞாபகம் வருகின்றன. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமா ஏகாரமா என்று எழுத்து சொல்லாது. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை தெரியாது. படிக்கிறவன் மொழியைத் தன்னுள் வைத்திருந்தான், அதனால் ஓலை பேசிற்று. ஓலையில் இருந்தது பாதி, மறுபாதி அவனிடம். ஒரு பாடலைப் பாடம்சொல்லும் பரம்பரை அறுந்துபோனால், ஓலை பத்திரமாக இருந்தும் பாடல் போய்விடுகிறது. ஜேடின் நாடாக்களும் புள்ளியில்லா எழுத்துத்தான். எந்தக் கம்பி எந்த வாரத்தில் பழுதாகியிருந்தது என்பது போன்ற விவரங்கள் ஆட்களின் தலைக்குள் இருக்கும், ஆட்கள் ஓய்வுபெறுவார்கள்.

என் அலமாரியில் ஒரு ஸ்பூல் டேப் இருக்கிறது. இறந்துபோன நண்பர் ஒருவர் கவிதை வாசித்தது. அதை ஓட்டும் மெஷின் என்னிடம் இல்லை. அந்தக் குரல் என்னிடம் இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று சில சமயம் யோசிப்பேன். இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் புழங்கும் 'டேட்டா', லத்தீனில் 'கொடுக்கப்பட்டவை' என்று பொருள்படும் சொல். கொடுத்தது யார்? இயற்கை என்பது சுலபமான பதில். ஸெர்னின் இப்போதைய வளையம் இயங்கும்போது கற்றைகள் வினாடிக்கு 4 கோடி தடவை குறுக்கிடுகின்றன. அவற்றில் நிரந்தரமாக எழுதிவைக்கப்படுவது ஆயிரக்கணக்கில்தான். மற்றவை அந்தக் கணமே வீசப்படுகின்றன. எது சுவாரஸ்யம் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்த விதி வீசுகிறது. ஆகவே கச்சாப் பதிவு என்று நாம் பயபக்தியோடு சொல்வதே ஒரு தேர்வு. அதற்குள் ரசனை என்றே சொல்லத்தக்க ஒன்று ஒளிந்திருக்கிறது. விஞ்ஞானம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படி எடுத்துக்கொண்டு குதூகலிக்க நம்மில் சிலர் தயாராக இருப்பார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்: இல்லை. தேர்வின் விதியையும் சேர்த்துக் கொடுக்காதவரை, கொடுத்ததாகாது.

இங்கே பிரச்னை அறிவுத்தளத்திலிருந்து தார்மீகத் தளத்துக்கு நழுவுகிறது. வைத்திருப்பவன் கடமை எதுவரை? 2014-இல் ஸெர்ன் தன் ஸி.எம்.எஸ். கருவியின் 2010-ஆம் ஆண்டுப் பதிவுகளை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டது. அன்றைய கணினிச் சூழலையே பொம்மைபோல் மறுபடி உருவாக்கும் மென்பொருளும் கூடவே வந்தது. ஓலையோடு ஆசிரியரையும் அனுப்பிவைத்த மாதிரி. 2017-இல் அக்குழுவைச் சேராத எம்.ஐ.டி. கோட்பாட்டாளர்கள் அதை வைத்துத் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். இப்படித் திறப்பதற்கு எதிராகச் சொல்லப்படுவது நமக்குப் புதிதல்ல: வெளியாள் தப்பாகப் படித்துவிடுவான். கருவியின் கோளாறைக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவான். நிஜம்தான். ஆனால் தப்பாகப் படிக்கப்படும் அபாயத்தை முற்றிலும் ஒழித்துவிட்ட பிரதி, சரியாகவும் படிக்கப்படுவதில்லை. சொந்தக்காரனின் வியாக்யானம் மட்டும் மிஞ்சும். மடங்களிலும் சில வீட்டுப் பரண்களிலும் சுவடிகள் இப்படித்தான் காப்பாற்றப்பட்டன, கரையானுக்காக.

மறுபக்கமும் உண்டு. எல்லாவற்றையும் வாரிக்கொட்டி, படிக்கும் வழியைச் சொல்லாமல் விடுவதும் மறுப்புத்தான். அதில் தர்மவான் என்ற பேர் வேறு கிடைத்துவிடுகிறது. இவ்விரண்டில் எது மோசம் என்று கேட்டால் இரண்டாவது என்பேன். பூட்டிய கதவின் முன்னால் நிற்பவனுக்குத் தான் வெளியே இருப்பதாவது தெரிகிறது.

ஆனால் இதையெல்லாம் இவ்வளவு தீர்மானமாகச் சொல்லிய பிறகும், அந்தக் காரியதரிசியிடமே மனம் திரும்பிப் போகிறது. காகிதத்திலிருந்து விசைப்பலகைக்கு, எண்களாக. எந்தக் கேள்விக்காக இந்த எண்கள் என்பது தட்டச்சுக்குத் தேவையில்லை; ஆறு ஆறாகவும் எட்டு எட்டாகவும் போய்ச் சேர்ந்தால் போதும். பிற்பாடு வெளியான கட்டுரைகளில் கோடு சரிந்து இறங்குகிறது, கோட்பாடு சொன்னபடியே விசை தளர்கிறது. அதைப் படித்து நான் ஒப்புக்கொள்ளும்போது எதை ஒப்புக்கொள்கிறேன்? க்ராஸையும் வில்செக்கையுமா, 1979-இன் எலெக்ட்ரான்களையா, அந்த விரல்களையா? நேரில் போய்ப் பார்த்துக்கொள் என்று ஒருவர் என்னிடம் சொன்னாலும், நான் போய்ப் பார்க்கப்போவது ஒரு காகிதக் கட்டையும் அதை ஒட்டித் தட்டச்சிடப்பட்ட இன்னொரு பட்டியலையும்தான்.