துடுப்பு யாருக்கு?

1

லண்டனில் ஹேமர்ஸ்மித் பாலத்துக்கு அருகே லோயர் மால் என்றொரு கரையோரத் தெரு. ஃபர்னிவல் படகோட்டக் கழகம் அங்கேதான் இருக்கிறது. எதிரே தேம்ஸ். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே வந்தும் ஓதம் அங்கே அடங்குவதில்லை. நாளுக்கு இரண்டு முறை ஆறு மேல்நோக்கித் திரும்புகிறது. படகு இறக்க ஏற்ற நேரத்தை அந்த ஓதமே குறித்துக் கொடுக்கிறது. சீமானுக்கும் கூலியாளுக்கும் நீர் ஒரே கணக்குத்தான் வைத்திருந்தது. கரையில் கணக்கு வேறு.

2

1882 முதல் இங்கிலாந்தின் படகோட்டத்தை நிர்வகித்த அமெச்சூர் சங்கம், யாரெல்லாம் அமெச்சூர் என்று விதி வகுத்தது. கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞர், மெக்கானிக், தொழிலாளி எவருக்கும் அதில் இடமில்லை. உடலுழைப்பு அவர்களுக்குக் கூடுதல் வலுவைத் தந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். உழைத்து உரமேறிய கைகளை, உழைத்த குற்றத்துக்காகவே தள்ளிவைத்தார்கள். இதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

3

ஃபிரெடரிக் ஜேம்ஸ் ஃபர்னிவல் 1825-ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் தொடக்கக்கால ஆசிரியர்களில் ஒருவர். படகு அவருக்கு இளமையிலேயே பற்றிக்கொண்ட பித்து. 1854-ல் லண்டனில் தொடங்கிய தொழிலாளர் கல்லூரியில் பாடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களை வெளியே அழைத்துப் போனார். கர்த்தருக்குரிய நாளில் உல்லாசமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. வாரம் முழுக்க வேலை பார்ப்பவருக்கு வேறு நாள் ஏது? 1890-ல் தொழிலாளரையும் சேர்த்துக்கொள்ளும் தேசியச் சங்கம் தனியே உருவானபோது, ஃபர்னிவல் அதன் பக்கம் நின்றார்.

4

1896-ல், எழுபதைக் கடந்த வயதில், ஹேமர்ஸ்மித்தில் பெண்களுக்காக ஒரு படகோட்டக் கழகம் தொடங்கினார். தேநீர்க் கடைகளில் நாளெல்லாம் நின்று பரிமாறிய பெண்கள் அதில் சேர்ந்தார்கள். ஆளுக்கு இரண்டு துடுப்பு. வலத்தையும் இடத்தையும் ஒருவரே வலிக்க வேண்டும். 1901-ல்தான் ஆண்களுக்குக் கதவு திறந்தது. எண்பது வயதிலும் ஃபர்னிவல் ஞாயிறுதோறும் ரிச்மண்ட் வரை துடுப்பு வலித்துப் போய்த் திரும்பினார். 1910-ல் இறந்தார். கழகம் பின்னாளில் அவர் பெயரையே தாங்கிக்கொண்டது.

5

1936-ல் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் படகோட்ட அணி இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டிக்கு வந்தது. எட்டுப் பேரும் காவலர்கள்; அதுவும் உடலுழைப்பே என்று அனுமதி மறுக்கப்பட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு, 1937-ல் தொழிலாளரைத் தள்ளிவைத்த விதி நீக்கப்பட்டது. இரண்டு சங்கங்களும் 1956-ல் ஒன்றாயின. பெண்களுக்கான படகோட்டம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1976-ல். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பெண்கள் அணிகளின் பந்தயம், ஆண்கள் ஓட்டும் இதே தேம்ஸ் பாதைக்கு வந்து சேர்ந்தது 2015-ல். தேநீர்க் கடைப் பெண்கள் இந்த நீரில் துடுப்புப் பிடித்து அதற்குள் நூறாண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது.

6

ஒரு கழகத்தின் வரலாற்றைக் கோப்பை அலமாரியில் தேடுவது வழக்கம். அதன் உறுப்பினர் விதியில் தேடுவதே சரி என்று நான் நம்புகிறேன். எத்தனை பந்தயம் வென்றார்கள் என்பதைவிட, யாரைப் படகில் ஏற்றினார்கள் என்பது பெரிது. உங்கள் ஊரிலும் ஒரு சங்கமோ மன்றமோ இருக்கும். அதன் விதிப் புத்தகத்தை ஒருமுறை வாங்கிப் படியுங்கள். யாருக்கு இடமில்லை என்று பாருங்கள். அந்த வரியை மாற்றும்படி கேளுங்கள்.